மலிவு வானொலியும் மக்கள் குரலும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எமது பாடசாலைத் தமிழ் மன்றத்தைச் சேர்ந்த மாணவர் மூவர் ஒரு துணிப்பையை எனது மேசைமீது கொண்டுவந்து வைத்தனர். உள்ளே இருபத்தாறு கசற்றுகள் இருந்தன. அவர்களுள் ஒருவனுடைய பாட்டனார் பல ஆண்டுகள் நாட்டுக்கூத்து அண்ணாவியாராக விளங்கியவர். தாமும் தம் குழுவினரும் பாடிய கூத்துப் பாட்டுக்களை 1980களில் அவர் பதிவுசெய்து வைத்திருந்தார். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் சென்றுவிட்டன. கசற்றுகள் எஞ்சின, அவற்றைக் கேட்பதற்கு அவ்வீட்டிலும் கருவியில்லை, பாடசாலையிலும் கருவியில்லை. மன்றத்தின் சேமிப்பிலுள்ள சொற்பத் தொகைக்குள், வானொலியும் கசற் கருவியும் ஒருங்கமைந்த பெட்டியொன்றை வாங்கவேண்டும். "சேர், விலை மலிவாக இருக்கவேணும்; கையிலை தூக்கிக்கொண்டு திரியக்கூடியதாயும் இருக்கவேணும். எதை வாங்கலாம்?" என்பதே அவர்களது வினா.

கடைக்காரர் விடையளிக்கவேண்டிய வினா என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் சற்று ஊன்றி நோக்குமிடத்து, மலிவு, எடுத்துச் செல்லுந் தன்மை என்னும் இரண்டு தேவைகளுக்கும் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு மறைந்து கிடப்பது புலனாகும். மலிவான வானொலியை மக்களுக்கு முதன்முதலில் அளித்தோர் யாவர்? எந்நோக்குடன் அளித்தனர்? பெட்டியின் விலையை நிர்ணயித்தவர்களே அதனுள்ளிருந்து எழும் குரலையும் நிர்ணயித்தனரா? பெட்டியை இயக்கும் மின்சக்தி யாருடைய பிடியில் இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணாது மலிவைப் பற்றிப் பேசுவது பயனற்றது. மாணவர்களுக்கு அன்று சுருக்கமாகக் கூறியதை ஈண்டுச் சற்று விரித்து எழுத முற்படுகிறேன்.

1

வானொலி வரலாற்றின் தொடக்கத்தில் அது வசதியுடையோரின் வீட்டுப் பொருளாகவே இருந்தது. மின்னிணைப்பு, உயர்ந்த அலைவாங்கி, விலையேறிய வால்வுகள் ஆகிய யாவும் சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டாதவை. ஜேர்மனியில் இந்நிலையை மாற்ற முதலில் முயன்றோர் தொழிலாளரே. 1924ஆம் ஆண்டில் அங்கே தொழிலாளர் வானொலிக் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினர் தமது பெட்டிகளைத் தாமே கட்டிக்கொண்டனர்; ஒலிபரப்பில் உழைப்பாளருக்கும் இடம் வேண்டுமெனக் கோரினர். 1932இல் நாடகாசிரியர் பேர்ட்டோல்ட் பிறெக்ற், வானொலி ஒருவழிப் பாதையாக இருத்தல் தகாது, கேட்போனைப் பேசவும் வைக்கும் சாதனமாக அது மாறவேண்டும் என்னும் கருத்தினை முன்வைத்தார். அக்கருத்து வேரூன்றுவதற்குள் 1933 வந்துவிட்டது.

அவ்வாண்டு ஜனவரி 30ஆந் திகதி ஹிட்லர் ஆட்சிபீடமேறினார். தொழிலாளர் வானொலி இயக்கம் அழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மக்கள் வானொலி' என்ற பெயருடன் ஒரு பெட்டி அறிமுகமாயிற்று. அதன் இலக்கம் 301. முதலாம் மாதத்து முப்பதாம் நாளை, அதாவது ஹிட்லர் பதவியேற்ற தினத்தை, அது குறித்தது. விலை 76 மார்க்கு. சாதாரணத் தொழிலாளி ஒருவனின் ஏறத்தாழ இரண்டு வாரக் கூலி. தவணைமுறையிற் பணஞ் செலுத்தவும் வசதி செய்யப்பட்டது. உற்பத்தியாளர் அனைவரும் ஒரே அமைப்பில் அதனைச் செய்தனர். 1938இல் 35 மார்க்குக்கு அதனினும் சிறிய பெட்டியொன்று வெளிவந்தது. சனங்கள் அதற்குச் சூட்டிய பட்டப்பெயர் 'கோயபல்ஸின் மோறை' என்பதாம்.

தொழிலாளர் கழகம் கனவு கண்ட மலிவை நாஜிகள் நடைமுறைப்படுத்தினர் என்பது வரலாற்றின் கொடிய முரண். ஆனால் எதனை விலக்கி அம்மலிவு பெறப்பட்டது என்பதையே நாம் நோக்கவேண்டும். அப்பெட்டியில் நெட்டலையும் மத்திய அலையும் இருந்தன. தூரதேசக் குரல்களைக் கொண்டுவரும் சிற்றலை இல்லை. அண்மையிலுள்ள ஜேர்மன் நிலையத்தைக் கேட்க அது போதுமானது. நல்ல அலைவாங்கியுடன் இரவு வேளையில் அந்நிய நிலையங்களையும் அதிற் பிடிக்கமுடிந்தது என்பது உண்மையே. அதனாலேதான் 1939 செப்ரெம்பர் முதலாந் திகதி, போர் தொடங்கிய அன்றே, அந்நிய ஒலிபரப்பைக் கேட்பது குற்றமென ஆணை பிறப்பிக்கப்பட்டது. கேட்டவருக்குச் சிறை, கேட்டதைப் பிறருக்குப் பரப்பியவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம். பெட்டியின் திருகியிலேயே இவ்வெச்சரிக்கையைத் தாங்கிய அட்டை தொங்கவிடப்பட்டது. மலிவு விலையிற் கொடுக்கப்பட்டது செவிப்பொறி ஒன்றுதான். எதைக் கேட்பது என்று தெரிவுசெய்யும் உரிமை அதனுடன் விற்கப்படவில்லை.

2

இரண்டாவது உதாரணம் ஆபிரிக்காவிலிருந்து வருவது. இன்று சாம்பியா என வழங்கும் நாடு அன்று வட றொடீசியா என்ற பெயருடன் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. 1941இல், யுத்தச் செய்திகளை ஆபிரிக்க மக்களுக்குக் கூறும் பொருட்டு, அரசாங்கத் தகவற் பகுதி லுசாக்காவில் ஒரு சிறு நிலையத்தை அமைத்தது. பெம்பா, நியாஞ்சா முதலிய மக்கள் மொழிகளில் ஒலிபரப்புகள் நடைபெற்றன. நிலையம் இருந்தது, மொழியும் இருந்தது, கேட்பவனிடம் பெட்டி இல்லை. கிராமங்களில் மின்சாரமும் இல்லை.

தகவற் பகுதியின் தலைவராயிருந்த ஹரி பிராங்ளின் என்பவர் ஐந்து பவுணுக்குள் அடங்கும் பற்றரி வானொலியொன்றைச் செய்து தருமாறு பிரித்தானிய உற்பத்தியாளரை வேண்டி வந்தார். ஏழை ஆபிரிக்கனுக்குப் பெட்டி செய்வதில் இலாபம் உண்டென்று அவர்கள் எளிதில் நம்பவில்லை. இறுதியில் எவர் ரெடி என்னும் கொம்பனி இணங்கியது. சமையற் சட்டியின் அலுமினிய உடலே கூடாகப் பயன்பட்டது. கைபிடி மட்டும் இல்லை. நீலவர்ணம் பூசப்பட்ட அவ்வட்டப் பெட்டி 1949இல் விற்பனைக்கு வந்தது. 'சட்டி வானொலி' என்றே அது பெயர் பெற்றது. நான்கு வால்வுகள், சிற்றலை வரிசை, விலை ஐந்து பவுண். பற்றரிக்குத் தனியே 25 சிலிங். ஏறத்தாழ 300 மணித்தியாலம் உழைக்கும்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் கேட்பவனுக்கு ஒரு பற்றரி நூறு நாட்களுக்குப் போதும். நான்கு பற்றரிகளின் விலை நூறு சிலிங். அதாவது ஐந்து பவுண். ஆகவே நானூறு நாட்களுக்குள் பெட்டியின் முழு விலையையும் அவன் பற்றரிக்காக மறுபடி செலுத்திவிடுகிறான். அதற்கப்பாலும் செலுத்திக்கொண்டே இருப்பான். எவர் ரெடி கொம்பனி பற்றரி உற்பத்தியிற் பெயர்பெற்றது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். பிராங்ளினுடைய நோக்கத்தில் நாம் குறைகாண வேண்டியதில்லை. ஆனால் பண்டத்தை ஒருமுறை விற்று, அதன் தீனியை ஆயுள் முழுவதும் விற்கும் வணிகமுறை ஏழை வீட்டிற் புகுந்த வகைக்கு இது தக்க சான்றாகும்.

அவ்வாறிருந்தும் சட்டி வானொலி மக்களிடம் பெற்ற வரவேற்பு பொய்யன்று. தாமிரச் சுரங்கத் தொழிலாளர் அதனை வாங்கினர். அயலவர் கூடிக் கேட்டனர். நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியப் பயிற்சி பெற்றவரான அலிக் என்காற்றா என்ற பாடகர், நாட்டார் பாடல்களைச் சேகரித்தும் தாமே பாடியும் வழங்கிய நிகழ்ச்சிகள் பெரும் புகழ் பெற்றன. தம் மொழி, தம் பாட்டு, தம் ஊர்க் கதை ஆகியவை ஒரு பொறியிலிருந்து எழுவதை அம்மக்கள் முதன்முறையாகக் கேட்டனர். அரசாங்கம் தன் தேவைக்காகத் திறந்த வாயில் வழியே மக்களின் கலையும் உள்நுழைந்தது.

ஆனால் 1953 வந்தது. ஆபிரிக்கரின் கடும் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, வெள்ளைக் குடியேறிகளின் ஆதிக்கத்தை வலுப்படுத்தும் மத்திய ஆபிரிக்கக் கூட்டாட்சி நிறுவப்பட்டது. அரசாங்க நிலையம் அரசாங்கத்தின் பக்கத்தையே பேசவேண்டியிருந்தது. நேற்றுவரை நேசித்த குரல்மீது மக்களுக்கு ஐயம் பிறந்தது. ஆபிரிக்க அறிவிப்பாளரே விலைபோனவர்களோ என்ற பேச்சு எழுந்தது. அந்நிலையத்திற் பணியாற்றிய பீற்றர் பிராங்கல் 1959இல் வெளியிட்ட நூலில் இக்காலத்தைப் பற்றி எழுதியுள்ளார். மக்கள் பெட்டியை வாங்கியபோது தம் சிந்தனையையும் சேர்த்து விற்றுவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. 1964 ஒக்டோபர் 24இல் சாம்பியா விடுதலை அடைந்தது. என்காற்றாவோ 1978இல் றொடீசியப் படையினரின் எல்லை தாண்டிய தாக்குதலிற் கொல்லப்பட்டார்.

3

பற்றரி என்னும் தளையைத் தளர்த்தியது ரான்சிஸ்ரர். வால்வுகளைக் கொண்ட பற்றரிப் பெட்டிக்கு இருவகை மின்சக்தி தேவைப்பட்டது. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்று. உயர் அழுத்தம், பெரும்பாலும் 90 வோல்ற்று, வழங்க மற்றொன்று. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான ரான்சிஸ்ரருக்குச் சூடேற்ற வேண்டியதில்லை. சில சிறு பற்றரிகளின் குறைந்த அழுத்தமே போதும். 1954 ஒக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்த றீஜென்சி என்னும் முதலாவது வணிக ரான்சிஸ்ரர் வானொலியின் விலை 49 டொலர் 95 சதம். அது மலிவன்று. மலிவை உண்டாக்கியது ஜப்பான். பின்னர் சோனி எனப் பெயர் மாற்றிக்கொண்ட தோக்கியோ நிறுவனம் 1955இல் தன் முதலாவது ரான்சிஸ்ரர் வானொலியையும், 1957இற் சட்டைப்பைக்கென விளம்பரப்படுத்தப்பட்ட சிறு வானொலியையும் வெளியிட்டது.

இம்மலிவுக்குத் தொழில்நுட்பம் மாத்திரம் காரணமன்று. கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் தொழிற்சாலை மேசைகளில் வரிசையாக அமர்ந்து, மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தினர். 'ரான்சிஸ்ரர்ப் பெண்கள்' என்றே ஜப்பானில் அவர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களது கூலி உயர்ந்தபோது வேலை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் தென் கொரியாவுக்கும் நகர்ந்தது. நம் கையில் இருக்கும் மலிவு, பிறிதொருத்தியின் குறைந்த கூலி என்ற உண்மையை விலைச்சீட்டு எக்காலத்திலும் கூறுவதில்லை.

இனி அல்ஜீரியாவைக் காண்போம். 1954 நவம்பர் முதலாந் திகதி அங்கே விடுதலைப் போர் தொடங்கியது. அதுவரை அல்ஜீரிய அராபியர் பெரும்பாலும் வானொலியை நாடவில்லை. அங்கு பணியாற்றிய உளமருத்துவரும் விடுதலை இயக்கத்தவருமான பிரான்ஸ் பனொன் 1959இல் வெளிவந்த தமது நூலில் இதற்குரிய காரணத்தை ஆராய்கிறார். அல்ஜியேர்ஸ் வானொலி பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரருடன் பேசிய நிலையமாகும். பெற்றோரும் பிள்ளைகளும் மருமக்களும் ஒருங்கே இருந்து கேட்க இயலாத பேச்சுக்களும் அதில் வந்தன. பிற்போக்கென்று பிறர் கருதிய விலகலினுள் அடிமை நாட்டானின் தன்மானமும் கலந்திருந்தது.

1956 டிசம்பரில் விடுதலை இயக்கத்தின் வானொலி ஒலிக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. கடைகளிலிருந்த பெட்டிகள் இருபது நாட்களுக்குள் முடிந்துவிட்டன என்கிறார் பனொன். மின்சாரமற்ற ஊர்கள் பலவாதலின் பற்றரிப் பெட்டிகளுக்கே கிராக்கி மிகுந்தது. உடனே பிரெஞ்சு அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். பொலிசாரின் அல்லது இராணுவத்தினரின் அனுமதிச் சீட்டின்றி வானொலி விற்கலாகாது. பற்றரிப் பெட்டிகளின் விற்பனைக்கு முழுத்தடை. பற்றரிகளோ சந்தையிலிருந்தே மறைந்துபோயின. இவை போதாவென்று ஒலியலைகளும் இரைச்சலாற் குழப்பப்பட்டன. ஒருவன் பெட்டியுடன் காதை ஒட்டி வைத்திருப்பான். சூழ இருப்போர் என்ன செய்தி என்று வினவுவர். இரைச்சலுக்கிடையே கேட்டதையும், கேளாதவிடத்து ஊகித்ததையும் சேர்த்து அவன் கூறுவான். அக்கூட்டம் செய்தியைக் கேட்டதோடு நில்லாமற் செய்தியை ஆக்குவதிலும் பங்குகொண்டது.

வட றொடீசியாவில் இலாபத்தின் வாயிலாக விளங்கிய பற்றரி, அல்ஜீரியாவில் ஆட்சியின் கடிவாளமாயிற்று. பெட்டியைப் பறிமுதல் செய்ய வீடுவீடாகச் செல்லவேண்டும். பற்றரியைத் தடுக்கத் துறைமுகத்தில் ஒரு கட்டளை போதும். இம்முறையை உலகின் பிற அரசுகளும் பின்னர் அறிந்துகொண்டன.

4

வானொலி எத்துணை மலிந்தாலும் கேட்பவன் கேட்பவனாகவே இருந்தான். பிறெக்ற் விரும்பிய மாற்றத்தின் ஒரு கூறு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1963 ஓகஸ்ற் இறுதியில் பேர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கொம்பனி சிறிய கசற்றையும் அதனைப் பதிந்து கேட்கும் பற்றரிக் கருவியையும் காட்சிப்படுத்தியது. லூ ஒற்றன்ஸ் என்ற பொறியியலாளரின் தலைமையில் பெல்ஜியத்து ஹாசல்ற் நகரில் அது உருவாக்கப்பட்டது. போட்டி நிறுவனங்களின் நெருக்குதலினால் 1965இல் ஏனைய உற்பத்தியாளரும் கட்டணமின்றி அவ்வமைப்பைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டனர். உலகெங்கும் ஒரே அளவான கசற் நிலைத்தமைக்கு இதுவே முக்கிய காரணம். 1966இல் வானொலியும் கசற்றும் இணைந்த பெட்டியையும் பிலிப்ஸ் வெளியிட்டது. எமது மாணவர் தேடும் பெட்டியின் மூதாதை அதுவே.

அலைவரிசை அனுமதிப்பத்திரமின்றி, அச்சியந்திரமின்றி, எழுத்தறிவுகூட இன்றி, ஒருவன் தன் குரலைப் பதிந்து பிறருக்கு அனுப்பக்கூடிய நிலை இதனாற் பிறந்தது. இந்தியாவில் நெடுங்காலம் ஒரே இசைத்தட்டுக் கொம்பனியின் பிடியிலிருந்த சந்தை கசற்றினால் உடைந்தது. பட்டினத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் திரும்பியும் பாராத வட்டாரப் பாட்டுக்கள் சந்தைக்கு வந்தன. பீற்றர் மனுவேல் 1993இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதனை விரிவாகக் காட்டுகிறது.

எனினும் முற்போக்காளர் இவ்விடத்தில் ஒரு மயக்கத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது. சாதனம் மக்கள் கைக்கு வந்துவிட்டால் அதன் பயனும் தானாகவே முற்போக்காகிவிடும் என்பது மயக்கமே. ஈரானில் மன்னராட்சியின் வானொலியையும் தணிக்கையையும் தாண்டி, நாடுகடத்தப்பட்டிருந்த கொமெய்னியின் பேச்சுக்கள் கசற்றுகளில் நாடு முழுவதும் பரவின. 1979இல் மன்னராட்சி வீழ்ந்தது. அதன் வீழ்ச்சிக்கு உழைத்த தொழிலாளரும் இடதுசாரிகளும் புதிய ஆட்சியால் ஒடுக்கப்பட்டனர். 1983இல் தூதேக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1988இற் சிறைகளில் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். இந்தியாவிலும் 1990ஐ அண்டிய அயோத்திக் கிளர்ச்சியின்போது மதத்துவேஷப் பேச்சுக்கள் கசற்றின் மூலமே தெருத்தெருவாய் முழங்கின. மலிவான கருவி வாயிலைத் திறக்கும். யார் நுழைவது என்பதைச் சமூக சக்திகளின் போராட்டமே தீர்மானிக்கும்.

5

எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. யுத்தகாலத்து நேசப் படைகளின் வலுமிக்க சிற்றலைப் பரப்பி 1949இல் இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை கடல் கடந்தும் ஒலித்தது. 1952இல் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, அந்நாட்டுச் சாதாரண சனங்கள் தமது பெட்டிகளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். மேலிருந்து விதிக்கப்படும் இரசனையைக் கேட்பவன் ஒரு திருகியைத் திருப்பித் தோற்கடித்துவிடலாம். ஆனால் அப்பெட்டியிற் சிற்றலை இருக்கவேண்டும்.

1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுப் பெட்டிகள் அரிதாயின. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் ஜப்பானிய றேடியோ கசற் பெட்டிகளைக் கடைகளில் நிரப்பியது. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் திரும்பி வரும்போது கொண்டுவந்த முதற்பொருள்களுள் அதுவும் ஒன்று. உள்நாட்டுக் கைத்தொழில்கள் பல நலிவுற்ற அதே காலத்தில், வீட்டுப் பணிப்பெண்களாய்ச் சென்ற தாய்மாரின் உழைப்பு இப்பெட்டிகளாக உருமாறி எம் வீடுகளின் மேசைகளில் அமர்ந்தது. எழுதத் தெரியாத தாய் கசற்றிற் பேசி அனுப்புவாள். பிள்ளைகள் சுற்றியிருந்து கேட்டுத் தம் குரலையும் பதிந்து அனுப்புவர். அந்நியச் செலாவணிக் கணக்கில் இக்குரல்கள் இடம்பெறவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியலிற் பற்றரியும் இடம்பெற்றது. அல்ஜீரியாவிற் கையாளப்பட்ட அதே முறை. பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்தனர். துளையிட்டு உப்புநீர் வார்த்தனர். அவையும் ஓய்ந்தபின் சைக்கிளைத் தேடினர். சைக்கிள் விளக்கின் டைனமோ ஆறு வோல்ற்று மின் தருவது. ஒன்றரை வோல்ற்றுப் பற்றரிகள் நான்கின் வலுவும் அதுவே. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க டயோட்டுகளைப் பொருத்திவிட்டால் றேடியோ பாடும்.

நான் சிறு பிள்ளையாய் இருந்தபோது மாலை வேளைகளில் எமது முற்றத்திற் கண்ட காட்சி இது. மாமா சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திக் கையினாற் பெடலைச் சுற்றுவார். ஐயாவும் அயல்வீட்டு ஆசிரியர் ஒருவரும் பெட்டியருகே குனிந்திருப்பர். மாமாவின் கை சளைக்கும்போது செய்தி வாசிப்பவரின் குரலும் தாழ்ந்துபோகும். உடனே இன்னொருவர் கைமாற்றுவார். இலங்கை வானொலியைக் கேட்பர், பி.பி.சி. தமிழோசையைக் கேட்பர், பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்பர். குடாநாட்டில் ஆதிக்கம் செலுத்திய இயக்கத்துக்கும் தனியே ஒரு வானொலி இருந்தது, அதையும் கேட்பர். ஒரே சம்பவத்தை நான்கு குரல்களிலும் கேட்டு, ஒன்றுக்கொன்று முரண்பட்ட எண்ணிக்கைகளை ஒப்புநோக்கி, இதுதான் நடந்திருக்கும் என்று தாழ்ந்த குரலிற் பேசி முடிவுசெய்வர். அக்குரல் தாழ்ந்திருந்ததற்குக் காரணம் டைனமோ அன்று என்பதைப் பிற்காலத்திலேதான் விளங்கிக்கொண்டேன். கொழும்பின் பொய்யை உரக்கப் பேசலாம். அருகிலுள்ள அதிகாரத்தின் பொய்யை அவ்வாறு பேச இயலாது.

பற்றரி வாங்க வசதியற்ற ஆபிரிக்க மக்களை எண்ணி ஆங்கிலேயரான ட்றெவர் பெய்லிஸ் என்பவர் சாவி முறுக்கினால் இயங்கும் வானொலியொன்றை வகுத்தார். 1990களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் அது உற்பத்தியாகத் தொடங்கியது. அவர் புகழ் பெறத் தகுதியுடையவரே. ஆனால் அதே ஆண்டுகளில், உரிமைப் பத்திரமும் விருதும் இன்றி, குடாநாட்டின் முற்றங்களில் அதே தேவைக்கு வேறொரு விடை காணப்பட்டது என்பதும் வரலாற்றில் எழுதப்படவேண்டும்.

6

இவ்வரலாற்றின் அடிப்படையில் மாணவர்களுக்கு நான் கூறிய விடைகள் நான்கு.

முதலாவது, பெட்டியின் விலையுடன் அதன் தீனியின் விலையையும் கணக்கிடவேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பற்றரியிலும், வீட்டு மின்சாரத்திலும், வெளியிலிருந்து கொடுக்கும் நேரோட்டத்திலும் அது இயங்கவேண்டும். கழற்ற முடியாத தனிவகைப் பற்றரியை உள்ளே அடைத்த பெட்டி இன்று மலிவாகத் தோன்றினும் நாளை குப்பையாகும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, பண்பலை மட்டும் உள்ள பெட்டியை வாங்கலாகாது. மத்திய அலையும் சிற்றலையும் வேண்டும். சிற்றலையிற் பல குரல்கள் ஓய்ந்துவிட்டன; தமிழோசையே 2017இல் நின்றுவிட்டது. எனினும் தூரத்திலிருந்து ஒரு குரல் தேவைப்படும் நாள் எது என்பதை எவரும் முன்கூட்டிக் கூறமுடியாது.

மூன்றாவது, திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும். இன்று புதிதாய் வரும் மலிவுக் கசற் பெட்டிகளுட் பெரும்பாலானவை ஒரே வகையான எளிய பொறியமைப்பைக் கொண்டவை; சுழற்சி சீராக இராது நீண்ட இராகம் நடுங்கும். நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டியொன்றை வாங்கி, அதன் இறப்பர்ப் பட்டியை மாற்றி, தலையைத் துடைத்து, அனுபவமுள்ள றேடியோ திருத்துநர் ஒருவரைக்கொண்டு சரிபார்ப்பது மேல். அவரிடம் கொடுக்கும் பணம் எமது ஊரிலேயே நிற்கும். அவரது கைத்திறனும் நிற்கும்.

நான்காவது, பதியவும் பிரதிசெய்யவும் வசதி இருக்கவேண்டும். பாட்டனாரின் கசற்றுகளின் பின்விளிம்பிலுள்ள சிறு தகடுகளை முதலில் உடைத்துவிடுமாறு கூறினேன். அவ்வாறு செய்தால் தவறுதலாக அழிபட இடமில்லை. பின்னர் ஒவ்வொன்றையும் முழுமையாக முன்னும் பின்னும் சுற்றி, அதன்மேலே பாடவிட்டு, கணினியில் ஏற்றிப் பிரதிசெய்ய வேண்டும். கேட்பதற்கு மட்டும் உதவும் பெட்டி அரைப்பெட்டியே.

மன்றத்தின் பணத்துக்குப் பழைய பொருட் கடையொன்றில் ஒரு ஜப்பானியப் பெட்டி கிடைத்தது. திருத்துநர் பட்டி மாற்றித் தந்தார். கூத்துப் பாட்டுக்காக என்று அறிந்ததும் கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பத்தாந் தர வகுப்பறையில் முதற் கசற்றை இட்டோம். சிறிது நேரம் இரைச்சல். பின்பு எவரோ இருமும் ஒலி. அதன்பின் அண்ணாவியாரின் குரல் எழுந்தது. அவர் இன்னும் பாடத் தொடங்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவரிடம் வினவுகிறார்: "இப்ப பாடலாமோ? பெட்டி கேக்குதோ?"

மாணவர் சிரித்தனர். பேரன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாவியார் தமது பெயரையும் ஊரையும் கூறி, மத்தளக்காரர், தாளக்காரர், பிற்பாட்டுக்காரர் ஒவ்வொருவருடைய பெயரையும் விடாமற் கூறி, அதன்பின்னரே வரவுப் பாட்டைத் தொடங்கினார். எந்த நிலையத்தின் நிகழ்ச்சி அட்டவணையிலும் அக்கூலி உழைப்பாளரின் பெயர்கள் இருந்ததில்லை.

இருபத்தாறு கசற்றுகளில் இதுவரை ஒன்பது பிரதிசெய்யப்பட்டுள்ளன. எஞ்சியவை இத்தவணைக்குள் முடிவடையும். அதன்பின் அப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரிலுள்ள ஏனைய முதியோரிடம் செல்வதென மன்றம் தீர்மானித்துள்ளது. வெற்றுக் கசற்றுகள் தேவைப்படுகின்றன. இதனை வாசிக்கும் ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்களிலும் இவ்வேலையைத் தொடங்குவாராக. நாடாக்கள் பூஞ்சணம் பிடிக்கின்றன, முதியோர் மறைகின்றனர். காலம் அதிகம் இல்லை.